மோடி என்று பெயர் இருந்தால் பிரதமரின் கம்பெனியா? ஐடி விங் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாக் கட்சிகளின் ஐடி விங் பொறுப்பாளர்களுக்கும், தமிழில் அரசியல் யூடியூப் சேனல் நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

உத்தரப் பிரதேசத்தில் டெல்லி – மீரட் சாலையில் இருக்கும் மோடிநகருக்கு அந்தப் பெயர் 1945-இல் வந்தது. நரேந்திர மோடி குஜராத்தின் வட்நகரில் பிறந்தது 1950 செப்டம்பர் 17-இல். இந்த இரண்டு வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே, மோடி என்ற பெயர் உள்ளதெல்லாம் பிரதமருடையது என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றில் விட்டிருக்கும் படக் கார்டுகளில் பாதி வெளியே வந்திருக்காது.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். இடப்பக்கம் பிரதமரின் படம். வலப்பக்கம் மோடிநகர் ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகை, அதன் கீழே ஒரு டயர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு சிகரெட் பெட்டி. 'எல்லாமே இவருடையதுதான்' என்று சிவப்பில் கொட்டை எழுத்து. படித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள், ஒருவர் விடாமல் அதை நம்பினார்கள்.

அந்த டயருக்கும் மெஷினுக்கும் பின்னால் இருப்பது குஜர்மல் மோடி என்ற மார்வாடித் தொழிலதிபரின் குடும்பம். 1933-இல் பேகமாபாத் என்ற கிராமத்தில் சர்க்கரை ஆலையோடு தொடங்கினார். வனஸ்பதி, சோப்பு, துணி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஆலையைச் சுற்றி ஊரே வளர்ந்தது. மோடி ரப்பர், மோடி ஜெராக்ஸ், ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சாவோடு சேர்ந்து 1993-இல் பறக்கத் தொடங்கி 1996-இல் நின்றுபோன மோடிலுஃப்ட் விமானம், காட்ஃப்ரே பிலிப்ஸ் சிகரெட் கம்பெனி எல்லாம் அவர் வாரிசுகள் கைக்கு வந்தவை, அல்லது அவர்கள் தொடங்கியவை. ஐபிஎல் லலித் மோடி குஜர்மலின் பேரன். வைர வியாபாரி நீரவ் மோடி வேறு. அவர் பாலன்பூர் பூர்வீகம் கொண்ட வைரக் குடும்பம். பிரதமர் வேறு; கான்சி என்ற எண்ணெய் ஆட்டும் சமூகத்தில் பிறந்தவர். சுதந்திராக் கட்சி எம்.பி.யாக இருந்த பிலூ மோடியோ பார்சி. தொழிலை ஒட்டி வந்த பெயர் என்பதால் பல சமூகத்தாரும், பல மதத்தாரும் அதைச் சுமக்கிறார்கள்.

நமக்கு இது பிடிபடாததற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அதனால் வடக்கே ஒரே பெயரைக் கண்டதும் ஒரே வீடு என்று எடுத்துக்கொள்கிறோம். நம் ஊர்க் கடைத்தெருவில் முருகன் ஸ்டோர்ஸ் நான்கு இருந்தால் நான்கும் ஒரே முதலாளியுடையது என்று யாரும் நினைப்பதில்லையே.

இந்தப் பெயரை அரசியல் மேடையில் வீசியதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் பார்த்துவிட்டோம். 2019 ஏப்ரல் 13 அன்று கோலாரில் ராகுல் காந்தி, நீரவ், லலித், நரேந்திர என்று வரிசையாகச் சொல்லி, திருடர்களுக்கெல்லாம் எப்படி மோடி என்ற பெயரே இருக்கிறது என்று கேட்டார். அதற்காகப் போடப்பட்ட அவதூறு வழக்கில் 2023 மார்ச் 23-இல் சூரத் நீதிமன்றம் இரண்டு வருடச் சிறைத்தண்டனை விதித்தது, மறுநாளே எம்.பி. பதவி பறிபோனது. அந்தப் பேச்சு தவறு என்றே நினைக்கிறேன். அந்தத் தண்டனையும் அளவு மீறியது. ஒரு நாள் குறைந்திருந்தாலும் பதவி போயிருக்காது, உச்சபட்சத் தண்டனை ஏன் என்று கீழமை நீதிமன்றம் காரணமும் சொல்லவில்லை என்று ஆகஸ்ட் 4-இல் தீர்ப்பை நிறுத்திவைத்தபோது உச்ச நீதிமன்றமே சொன்னது. வழக்குப் போட்ட பூர்ணேஷ் மோடியின் பழைய குடும்பப் பெயர் மோடியே அல்ல என்று ராகுல் தரப்பு வழக்கறிஞர் அங்கே வாதாடினார். பெயரை வைத்து ஒரு கூட்டத்தைக் குற்றவாளி ஆக்கினாலும் சரி, பெயரை வைத்து ஒரு கூட்டமே அவமானப்பட்டது என்றாலும் சரி, அந்தக் கூட்டம் யார் யார் என்று யாராலும் வரையறுக்க முடியவில்லை.

ஆட்சியில் இருப்பவர்களுக்கும் முதலாளிகளுக்கும் உள்ள தொடர்பைக் கேட்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கேளுங்கள், விடாமல் கேளுங்கள். ஆனால் அந்தத் தொடர்பு பெயர்ப்பலகையில் இருக்காது. கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர உதவிய தேர்தல் பத்திரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15-இல் அந்தத் திட்டத்தை ரத்து செய்த பிறகு வெளிவந்த பட்டியலில் முதலிடம் ஃப்யூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனத்துக்கு: 1,368 கோடி ரூபாய். கோயம்புத்தூர் மார்ட்டினுடையது. எந்தத் தலைவரின் பெயரும் அதில் இல்லை. அந்த நிறுவனத்திடமிருந்து 509 கோடி வந்தது என்பது திமுகவே தேர்தல் ஆணையத்திடம் கொடுத்த கணக்கில் இருந்தது. மொத்தமாக அதிகம் பெற்ற கட்சி பாஜக. பத்திர எண்களை ஸ்டேட் வங்கி கடைசியில் கொடுத்த பிறகு, யார் வாங்கியதை எந்தக் கட்சி பணமாக்கியது என்று செய்தியாளர்கள் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். வேலை என்றால் அதுதான் வேலை.

அதைச் செய்ய உங்களுக்கும் வழி திறந்தே இருக்கிறது. பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குதாரர் விவரம் தாக்கல் செய்தாக வேண்டும். இயக்குநர்கள் யார் என்பது கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. வேட்பாளர்களின் சொத்து விவரம் தேர்தல் ஆணையத்தில் பிரமாணப் பத்திரமாகக் கிடக்கிறது. ஒரு கார்டு போடுவதற்கு முன் இவற்றில் ஒன்றையாவது திறந்து, பார்த்த பக்கத்தையும் தேதியையும் கார்டிலேயே போடுங்கள். அப்படி ஒன்று எந்தக் கட்சிக்கு எதிராக வந்தாலும் எங்கள் குழுவில் நானே பகிர்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாக்காளர்