மலைமேல் இருக்கும் ரிப்பீட்டரை யார் கவனிக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புயலிலும் வெள்ளத்திலும் செல்போன் கோபுரங்கள் ஓய்ந்த பிறகு ஹாம் ரேடியோக்காரர்கள் (உரிமம் பெற்று, பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் நடத்துகிறவர்கள்) தகவல் அனுப்பிய செய்திகளை நாளிதழ்கள் வெளியிடுகின்றன, ஒரு ஹாமாக எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் படத்தில் வருவது கையில் வாக்கிடாக்கி வைத்திருப்பவர் மட்டுமே. அந்தக் கருவியின் சக்தி பெரும்பாலும் 5 வாட்தான். அதன் சிக்னலை ஓர் அலைவரிசையில் வாங்கி, அதே நொடியில் இன்னொன்றில் பலமாகத் திருப்பி அனுப்புகிற ரிப்பீட்டர் உயரமான ஏதோ ஓர் இடத்தில், ஆளில்லாத அறையில் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அது நின்றால் 5 வாட் கருவிக்கு மலையைத் தாண்டிப் பேச வழியில்லை.

அந்தப் பெட்டியைத் தூரத்திலிருந்து கண்காணிக்கவும் கட்டுப்படுத்தவும் பல கிளப்புகள் சரியான ஏற்பாடு செய்யவில்லை என்பதுதான் என் ஆதங்கம். ‘ஏதாவது ஆனால் யாராவது மேலே போய்ப் பார்க்கலாம்’ என்கிறார்கள். புயல் நாளில் மேலே போகப் பாதை இருக்காது என்பது அவர்களுக்கும் தெரியும்.

கண்காணிப்பு என்றால் திரை நிறைய வரைபடங்கள் தேவையில்லை, நாலைந்து அளவுகள் போதும். முதலில் பேட்டரி. 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி முழு சார்ஜில், சுமையில்லாமல் ஓய்வாக இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டும்; 12.2-க்கு வந்துவிட்டால் பாதி தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தது காற்றில் போகாமல் ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிற சக்தி, என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். கேபிள் கனெக்டருக்குள் மழைத்தண்ணீர் இறங்கினால் ரிப்பீட்டர் பெரும்பாலும் அன்றே சாவதில்லை, திரும்பி வருகிற சக்தி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், மழையில் ஏறி வெயிலில் இறங்கும், பேசுகிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. அந்த அளவைத் தினமும் குறித்து வைத்தால் மழைக்காலம் முற்றுவதற்கு முன்பே கனெக்டரை மாற்றிவிடலாம். அப்புறம் சிக்னலைப் பலமாக்குகிற பவர் ஆம்ப்ளிஃபயரின் சூடு, மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பது, அவ்வளவுதான். ராஸ்பெரி பை என்கிற ஒரு சின்னக் கணினி, சில சென்சார்கள், இதெல்லாம் ஹாம்களுக்குப் பெரிய வேலையே இல்லை.

கட்டுப்பாடு இதைவிடக் கனமான விஷயம். யாருடைய மைக் பட்டனாவது அழுந்தியபடியே கிடந்தால் ரிப்பீட்டர் விடாமல் ஒலிபரப்பும், அவசரச் செய்தி உள்ளே நுழைய முடியாது. அதற்கு ஒலிபரப்பை நிறுத்துகிற டைமர் இருக்கிறது, 3 நிமிடம் என்பது பரவலான வழக்கம். அமெரிக்க விதிகளில், தொலைக்கட்டுப்பாட்டு இணைப்பு பழுதானால் நிலையம் 3 நிமிடத்துக்கு மேல் ஒலிபரப்பக் கூடாது என்றே எழுதியிருக்கிறது. ஆனால் டைமரை நடத்துகிற கன்ட்ரோலரே உறைந்துவிட்டால்? அதனால் கன்ட்ரோலரை நம்பாமல் டிரான்ஸ்மிட்டரின் மின்சாரத்தையே துண்டிக்கிற தனி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று வேண்டும். ஒருமுறை அணைத்தால், நடுவில் கரண்ட் போய் வந்தாலும், நாம் சொல்லும்வரை அது அணைந்தே இருக்க வேண்டும். இணைய ரௌட்டருக்கு நேர் எதிர்: அதை அணைத்தால் பத்து விநாடியில் தானாக மறுபடி உயிர் வர வேண்டும், இல்லாவிட்டால் திரும்பப் போடச் சொல்கிற பாதையையே நாம் வெட்டிவிட்டோம் என்று அர்த்தம்.

இப்போது எல்லோரும் இணையம் வழியாகவே கட்டுப்படுத்தப் பார்க்கிறார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டையே வைத்துக்கொண்டு, விபிஎன் என்கிற பாதுகாப்பான தனி இணையப் பாதை இல்லாமல் உலகத்துக்கே கதவைத் திறந்து வைப்பது சரியில்லை. அதைவிடப் பெரிய கோளாறு, செல்போன் கோபுரம் விழும் நாளுக்காக வைத்திருக்கிற ரிப்பீட்டரின் கட்டுப்பாடு அதே கோபுரத்தின் டேட்டாவில் தொங்குவது! வேறொரு அலைவரிசையில் தனி ரிசீவர் வைத்து ரேடியோ வழியாகவும் கட்டளை அனுப்ப முடிய வேண்டும்.

அந்த ரேடியோ கட்டளை பழைய டிடிஎம்எஃப் எண்களாக (போன் பட்டனை அழுத்தினால் கேட்கிற ஒலிகள்) மட்டும் இருந்தால் போதாது, காற்றில் போகிற எண்ணை யாரும் பதிவு செய்து மறுநாள் அதையே அனுப்பலாம். அதற்காகக் கட்டளையை ரகசியக் குறியீடாக்கவும் தயக்கம் உண்டு, ஹாம் ரேடியோவில் செய்தியின் பொருளை மறைத்து அனுப்பக் கூடாது என்பது பொதுவான விதி. கட்டளையைத் திறந்தபடியே அனுப்பி, கூடவே ஒரே ஒருமுறை மட்டும் செல்லுகிற எண்ணைச் சேர்த்தால், மறைக்காமலேயே அனுப்புகிறவர் யார் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

இதையெல்லாம் பொருத்திவிட்டு மறந்துவிட்டாலும் பிரயோஜனமில்லை. மாதம் ஒருமுறை இணையத்தை வேண்டுமென்றே துண்டித்துவிட்டு, ரேடியோ வழியாக மட்டும் ரிப்பீட்டரை அணைத்து, மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். அந்த அதிகாரம் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது, அவர் எட்டாத இடத்தில் இருக்கும் நாளில் வேறு இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் நிருபர் ஒரு ஹாம் கிளப்பைப் பேட்டி எடுக்கப் போகும்போது, உங்கள் ரிப்பீட்டரை இணையம் இல்லாமல் இங்கிருந்தே இப்போது அணைத்துக் காட்ட முடியுமா என்று தயவுசெய்து கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஹாம் ரேடியோ வாசகர் ஒருவர்