கண்ணாடிப் பாட்டில்களைக் கரையிலேயே நிறுத்துங்கள்: பிச்சாவரம் கழிமுகத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் பரந்திருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டையும், அதன் கடலோர விளிம்பில் மணல்மேடாகக் கிடக்கும் எம்.ஜி.ஆர். திட்டையும் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பில் நீங்கள் பல துறைகளாக இருக்கிறீர்கள். எந்த முடிவை யார் எடுக்கிறார் என்று எங்களுக்குத் தெளிவாகச் சொன்னவர் இல்லை என்பதால், உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். காட்டுக்குள்ளோ திட்டுக்கோ போகும் எந்தப் படகிலும் கண்ணாடிப் பாட்டில் ஏறக் கூடாது. ஏறும் இடத்திலேயே பைகளைச் சோதித்து, பாட்டில்களைக் கரையில் வாங்கி வைத்த பிறகுதான் படகின் கயிற்றை அவிழ்க்க வேண்டும்.

சென்ற மாதம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். கிள்ளைக்குப் பக்கத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்த அக்கா ஒருவர், கடல்நீர் வற்றும் நேரத்தில் வாய்க்காலில் இறங்கி இறால் தடவிக்கொண்டிருந்தபோது, சேற்றுக்குள் புதைந்திருந்த உடைந்த பாட்டில் அவருடைய வலது உள்ளங்கையைக் குறுக்காகக் கிழித்துவிட்டது. தையல் போட்ட இடத்தில் புண் ஆறி வருகிறது. ஆனால் இரண்டு விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. உப்புத் தண்ணீரில் கை படவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். உப்புத் தண்ணீரைத் தவிர வேறு பிழைப்பிடம் அவருக்கு இல்லை.

அவர் செய்யும் தொழிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால், இதைப் பற்றி முறையிடச் சென்ற இடத்தில், "கையுறை போட்டுக்கொண்டு இறங்கலாமே" என்ற பதில்தான் எங்களுக்குக் கிடைத்தது. இருளர் பெண்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. தண்ணீர் வற்றும் வேளையில் நெஞ்சளவு ஆழத்தில் இறங்கி, பனையோலையில் பின்னிய பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் சேற்றுக்குள் விட்டுத் தடவித் தடவி முன்னேறுகிறார்கள். இறால் சேற்றோடு ஒட்டிக் கிடக்கும். விரல் நுனியில் அதன் மீசை உரசியதும், அது துள்ளி விலகுவதற்குள் உள்ளங்கையால் அமுக்கி எடுத்துப் பறியில் போட வேண்டும். நண்டு என்றால் சுரபுன்னையின் தாங்கு வேர்களுக்கு அடியில் இருக்கும் வளைக்குள் முழங்கை வரை கையை நுழைக்க வேண்டும். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை. கைதான் அவர்களுக்குக் கண், அதுவே வலை. உறை மாட்டிய கையால் இறாலை உணர முடியாது என்பதை, ஒருமுறை அவர்களோடு வாய்க்கால் கரையில் நின்று பார்த்த எவரும் புரிந்துகொள்வார். மணிக்கணக்கில் அப்படி நனைந்து கிடந்து பிடித்ததைக் கரைக்குக் கொண்டுவந்தால், வியாபாரி சொல்வதுதான் விலை. அந்த வருமானமும் இந்த மாதம் அக்கா வீட்டில் இல்லை.

அந்தப் பாட்டில் எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. விடுமுறை நாட்களில் திட்டின் மணலில் உட்கார்ந்து குடிப்பவர்கள் காலிப் பாட்டில்களைத் தண்ணீரில் எறிகிறார்கள். சிலர் படகிலிருந்தே எறிகிறார்கள். ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றும் கடல், மிதக்கும் பாட்டில்களை உள்வாய்க்கால்களுக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. போன பொருள் திரும்பி வராதபடி வேர்கள் பிடித்துக்கொள்கின்றன. அதன்மேல் வண்டல் படிகிறது, பிறகு அது யார் கண்ணிலும் படுவதில்லை. விசைப்படகு அகலமான வாய்க்காலில்தான் போகிறது என்று நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். பாட்டில் அந்த எல்லையை மதிப்பதில்லை.

காட்டைக் காப்பதற்காகத்தான் இத்தனை விதிகளும் என்று எங்களிடம் அடிக்கடி சொல்லப்படுகிறது. இந்தக் காட்டின் கதையை நாங்களும் அறிவோம். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி விடுதலைக்குப் பின்னும் பல்லாண்டுகள், காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மரங்களை மொத்தமாக வெட்டி எடுத்தார்கள். நிழல் போன தரை வெயிலில் காய்ந்து அமுங்கித் தொட்டி போலக் குழிந்தது. அதில் தேங்கிய கடல்நீர் வற்றி வற்றி உப்பு ஏறியது. கண்டல் விதை விழுந்தாலும் முளைக்காத பொட்டல் உண்டானது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களின் உழைப்போடு அந்தப் பொட்டல்களில் வாய்க்கால் வெட்டி, ஏற்றமும் வற்றமும் தடையின்றிப் போய்வர வழி செய்த பிறகுதான் வெண்கண்டல் மறுபடி எழுந்தது. காட்டைக் காப்பது என்றால் தண்ணீர் வந்து போகும் வழியைக் காப்பது என்பதை அந்த வேலை எல்லோருக்கும் காட்டியது. இன்று அதே வழிகளில்தான் கண்ணாடி போய்ச் சேர்கிறது.

திட்டையும் நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 காலையில், காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களை மரங்கள் பெரிதும் தாங்கிக்கொண்டன. காட்டுக்கும் கடலுக்கும் நடுவே மணலில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டும் சின்னவாய்க்கால் என்ற ஊரும் சுனாமி அலையை நேராக வாங்கின. எஞ்சிய குடும்பங்கள் அதன்பின் உள்நாட்டுக் கரைக்குக் குடிபெயர்ந்துவிட்டன. இடிந்த சுவர்கள் மட்டும் அங்கே நிற்கின்றன. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். அந்தச் சுவர்களின் நிழலில் அமர்ந்து மது அருந்துவதும், பாட்டிலைச் சுவரில் அடித்து உடைப்பதும் ஒரு சுற்றுலா இடத்தில் நடக்கும் சிறு ஒழுங்கீனமாக உங்களுக்குத் தோன்றினால், தயவுசெய்து அந்தக் குடும்பங்களில் ஒன்றிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுவதும் இந்தக் கடற்கரையின் மணலில்தான். இரவில் ஊர்ந்து வரும் தாய் ஆமைக்கும், பகலில் வெறுங்காலோடு வலை இழுக்கும் மீனவருக்கும் ஒரே கண்ணாடித் துண்டு காத்திருக்கிறது.

2022இல் பிச்சாவரம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஒன்றாக அறிவிக்கப்பட்டபோது நாங்களும் பெருமைப்பட்டோம். சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையைக் காடாகப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் குளிர்காலத்தில் வந்திறங்கும் உள்ளான்களும் இங்கே இரை தேடுகின்றன. அறிவிப்புக்குப் பிறகு பலகைகள் வந்தன, விழாக்கள் நடந்தன, மரக்கன்றோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வாய்க்காலில் கிடக்கும் கண்ணாடியை எடுக்க மட்டும் ஒருவரும் இறங்கவில்லை. பறவைகளின் பெயர்களை எழுதிய பலகைகளில், இந்தச் சேற்றைக் கையால் அறிந்த மக்களைப் பற்றி ஒரு வரியும் நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த நிலையிலுள்ள பழங்குடிகளுள் ஒன்றாக அரசே பட்டியலிட்டிருக்கும் சமூகம் அது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், நீர்நிலைகளின் மீனையும் பிற விளைபொருள்களையும் பயன்படுத்துவதைக் காடு வாழ் மக்களின் சமூக உரிமைகளில் சேர்த்திருக்கிறது. ஆனால், காட்டுக்குள் போக அந்தப் பெண்கள் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டிலோடு போகிறவர் கட்டணச் சீட்டு ஒன்றைக் காட்டினால் போதும். இது நியாயம் அல்ல என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் கேட்பது செய்ய முடியாத காரியமும் அல்ல. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் தடை இருக்கிறது. நீலகிரியில், உடைந்த பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பதை உயர் நீதிமன்றம் கவனத்தில் எடுத்துக்கொண்ட பிறகு, 2022 முதல் ஒவ்வொரு மதுப் பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். யானையின் காலைக் காக்க ஒரு மலை மாவட்டத்தில் முடிந்தது, பெண்களின் கையைக் காக்க ஒரு கடலோர மாவட்டத்தில் ஏன் முடியாது? இங்கே மலைப்பாதைகள்போல நூறு வழிகள் இல்லை. திட்டுக்குப் போகும் பயணிகள் எல்லோரும் ஒரு படகில் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறும் இடத்தில் ஒரு மேசையும் இரண்டு ஆட்களும் இருந்தால் போதும்.

காடு ஒரு துறை, படகு ஒரு துறை, மது ஒரு துறை, குப்பை உள்ளாட்சியின் வேலை என்று எங்களை மாற்றி மாற்றி அனுப்பிய நாட்களை இங்கே விரித்து எழுதவில்லை. உங்களுக்குள் யார் பொறுப்பு என்பதை நீங்களே கூடிப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கண்ணாடிப் பாட்டில் படகில் ஏறக் கூடாது என்ற உத்தரவு மட்டும், அடுத்த விடுமுறைக் கூட்டம் வருவதற்கு முன்னால் வந்தாக வேண்டும்.

அதோடு இரண்டு காரியங்களையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே வாய்க்கால்களில் புதைந்து கிடக்கும் கண்ணாடியை வற்ற நேரங்களில் தேடி எடுக்கும் வேலையை, தகுந்த கருவிகளும் முறையான கூலியும் கொடுத்து, இருளர் குடியிருப்பு மக்களிடமே ஒப்படையுங்கள். எந்த வளைவில் எது கிடக்கும் என்று அவர்களைப்போல அறிந்தவர் வேறு யாரும் இல்லை. கை கிழிபட்ட அக்காவுக்கு, அவர் மறுபடி தண்ணீரில் இறங்கும் வரையிலாவது உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்யுங்கள். அவருடைய மருத்துவச் சீட்டுகளின் நகல்களை, நீங்கள் எந்த அலுவலகம் என்று சொல்கிறீர்களோ அங்கே நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
கிள்ளையில் குடியிருக்கும் ஒருவர்