காவிரியின் பங்கு காவிரிக்கே சேர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரியில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு நீர் என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பேசி வருகிறோம். ஆனால், அந்தப் பங்குகளை வகுத்த தீர்ப்பில் ஆற்றுக்கென்றும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருப்பதைப் பற்றி அநேகமாக யாரும் வாய் திறப்பதில்லை. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று அளித்த இறுதித் தீர்ப்பில், மொத்தமுள்ள 740 டி.எம்.சி.யில் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) 10 டி.எம்.சி. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்டது. தவிர்க்க இயலாமல் கடலைச் சேரும் நீராக மேலும் 4 டி.எம்.சி. கணக்கில் கொள்ளப்பட்டது. 2018 பிப்ரவரி 16 அன்று தமிழகத்தின் பங்கை 419-லிருந்து 404.25 டி.எம்.சி.யாகக் குறைத்த உச்ச நீதிமன்றமும் இந்த 10 டி.எம்.சி.யில் கை வைக்கவில்லை.

கர்நாடகம் விடும் நீரை எல்லையில் அளக்கும் இடமான பிலிகுண்டுலுவுக்கான மாதாந்திர அட்டவணையில், பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டி.எம்.சி. வீதம் இந்நீர் வர வேண்டும். நாள் முழுதும் ஓடினால் விநாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் கன அடிதான். பாசனத்துக்கு இது பெரிதல்ல. கோடையில் வறண்டு கிடக்கும் ஆற்றுக்கோ இதுவே உயிர். கர்நாடகம் இதைத் தருகிறதா என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு, கேட்கவும் வேண்டும். ஆனால் வந்து சேர்ந்த நீர் மேட்டூரைத் தாண்டி ஆற்றின் பெயரால் எவ்வளவு விடப்படுகிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். கோடையில் குடிநீருக்காகத் திறக்கப்படும் நீரைக் காட்டி இக்கணக்கை நேர்செய்துவிட முடியாது. அந்த நீர் வழிநெடுக உள்ள குடிநீர்த் திட்டக் கிணறுகளுக்கென்றே விடப்படுவது.

ஓட்டம் நின்றுபோன ஆற்றில் என்ன நடக்கும் என்பதை டெல்டாவில் வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாயக் கழிவும் நகரங்களின் சாக்கடையும் கலந்து ஓடாமல் தேங்குகின்றன. கடலோரக் கிராமங்களில் நல்ல நீர் அழுத்தம் குறைய, உப்பு நீர் நிலத்தடியில் உள்ளே ஏறுகிறது. காவிரியின் கிளையாறான கொள்ளிடம் கொண்டுவரும் நன்னீரை நம்பியிருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காடும் மீன்வளமும் நலிகின்றன. ஆகவே, வெள்ளக் காலத்தில் கொள்ளிடத்தில் செல்லும் நீரெல்லாம் வீணாகிறது என்று அரசியல் மேடைகளில் முழங்குவது பாதி உண்மைதான். தேக்க வேண்டியதைத் தேக்கத் தவறுவது நம் குறை. கடலுக்கு ஓரளவு நீர் போவது குறையே அல்ல.

நீரோடு மணலையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1934 முதல் மேட்டூர் அணை வண்டலைத் தடுத்து நிறுத்தி வருகிறது. கீழே எஞ்சியிருக்கும் மணலோ பல்லாண்டுகளாக அள்ளப்பட்டு வந்திருக்கிறது. மணல்தான் ஆற்றின் நீர்த்தொட்டி. அது போனால் ஆயிரம் கன அடி விட்டாலும் கரையோரக் கிணறுகளில் ஊற்று நிலைக்காது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டபோது, ஆற்றுப்படுகை தாழ்ந்துபோனதைப் பலரும் சுட்டிக்காட்டினர். அந்த எச்சரிக்கை அத்தோடு மறக்கப்பட்டதுதான் வேதனை.

நீர்வளத் துறையிடம் நான் வேண்டுவது இதுதான். பிப்ரவரி தொடங்கி மே முடிய, ஆற்றுக்கான நீரைப் பாசனக் கணக்கிலும் குடிநீர்க் கணக்கிலும் சேர்க்காமல் தனியே மேட்டூரிலிருந்து விடுவிக்க வேண்டும். மாயனூர், முக்கொம்பு, கல்லணை, அணைக்கரை ஆகிய இடங்களில் அதை நாள்தோறும் அளந்து, மேட்டூர் நீர்மட்டத்தை வெளியிடுவது போலவே மக்களுக்கு அறிவிக்க வேண்டும். அதே இடங்களில் நீரின் தரத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும், படுகையின் ஆழத்தைப் பொறியாளர்களும் ஆண்டுதோறும் அளந்து வெளியிடலாம். கிடைக்கும் நீர் குறைந்த ஆண்டில் மற்றவர்களின் பங்கு குறைவது போல் ஆற்றின் பங்கும் அதே விகிதத்தில் குறையட்டும். அதை முற்றிலும் இல்லாமல் செய்யத் தீர்ப்பில் இடமில்லை.

இப்படிக்கு,
டெல்டா விவசாயி ஒருவர்