மானாவாரிக் கொல்லைக்கு எத்தனை விதை?

எங்கள் வட்டார வேளாண் அதிகாரிகளுக்கும், பயிர்ப் பரிந்துரைத் துண்டறிக்கை தயாரிப்பவர்களுக்கும் வணக்கம்.

மானியத்தில் மக்காச்சோள விதை கொடுத்தீர்கள், நன்றி. 4 கிலோ பை, ஏக்கருக்கு இரண்டு. இந்த வருஷம் ஒன்றரைப் பைக்குள் விதைப்பை முடித்துக்கொள்கிறேன் என்று போன வாரம் கேட்டேன். "ரெண்டு பையும் போட்டு போட்டோ எடுத்தாத்தான் கணக்கு முடியும்" என்று பதில் வந்தது. அதனால்தான் இந்த மடல்.

நீங்கள் சொல்லும் இரண்டடி வரிசையில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு விதை என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 27,000 செடி. கிணற்றில் தண்ணீர் இருப்பவருக்குச் சரியான கணக்குதான். என்னுடையது குடியாத்தம் பக்கத்துச் செம்மண் கொல்லை. ஒரு முழம் தோண்டினால் சரளை. அப்பா காலம் முழுக்க மல்லாட்டை (நிலக்கடலை) போட்ட மண்.

போன ஆடியில் நீங்கள் சொன்னபடியேதான் போட்டேன். ஆவணி வரை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பூ எடுக்கும் நேரத்தில் 17 நாள் மழை இல்லை. ஆண் பூ மகரந்தம் கொட்டி முடித்த பிறகுதான் கதிரில் மகரந்தம் பிடிக்கிற நூல் எட்டிப் பார்த்தது. அப்புறம் மணி எப்படிப் பிடிக்கும்? உரித்துப் பார்த்தால் கட்டைவிரல் தண்டி கதிர், அதிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல். பாதிச் செடியில் அதுவும் இல்லை. மாட்டுக்குத் தட்டை மிச்சம்.

வேலி ஓரம் மட்டும் வேறு மாதிரி. விதைத்த மறுநாளே அங்கே மயில் இறங்கிப் பொறுக்கியிருந்தது. அன்றைக்கு அதைத் திட்டாத திட்டு இல்லை. அறுப்பில் பார்த்தால் அந்த இடத்தில்தான் கதிர் நுனிவரை மணி. 21 அடி 9 அங்குலம் கயிறு வெட்டி வரிசையில் பிடித்து எண்ணினேன். இரண்டடி வரிசையில் அந்த நீளம் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நடுக்கொல்லையில் 26 செடி, மயில் மேய்ந்த இடத்தில் 16. இருந்த ஈரத்தை 16 செடி பங்கு போட்டுப் பிழைத்தன, 26 செடி அடித்துக்கொண்டு காய்ந்தன. என் கொல்லைக்குச் சரியான விதை அளவைச் சொன்னது தேசியப் பறவைதான். அதற்குப் பயணப்படி எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

நல்ல மழை வருஷத்தில் செடி குறைந்தால் கொஞ்சம் மகசூல் போகும், ஒத்துக்கொள்கிறேன். அந்த நஷ்டத்தை என்னால் தாங்க முடியும், போன வருஷத்து நஷ்டத்தைத் தாங்க முடியவில்லை. அமெரிக்காவில் கன்சாஸின் மேற்குப் பக்கம் மழை குறைவு. அங்கே மானாவாரிக்குப் பாசன நிலத்தைவிட மிகக் குறைவான செடிதான் வைக்கிறார்கள். அதுவும் கிலோவில் இல்லை, எண்ணிக்கையில் சொல்கிறார்கள். விதை பருமனாக இருந்தால் கிலோவுக்கு 3,000, சிறுத்திருந்தால் 4,000. 8 கிலோ என்றால் 24,000-மா, 32,000-மா?

நான் கேட்பது இதுதான். மானாவாரிக்குத் தனி அளவு சொல்லுங்கள், அதை விதை எண்ணிக்கையில் சொல்லுங்கள். மானியத்துக்காக இரண்டு பையையும் கொட்டச் சொல்லாதீர்கள்.

மழைமானியைத் தாலுகா ஊரில் வைத்துக்கொண்டு "உங்க பகுதியில நல்ல மழை" என்று எங்களிடமே சொல்கிறீர்கள். மேகம் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போகும்போல. படைப்புழுவுக்கு மருந்து கேட்டுப் போனால், ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். சரி, அதையெல்லாம் குறைதீர்வு நாளில் பேசிக்கொள்ளலாம்.

ஆடிப்பட்டத்துக்கு அதிக நாள் இல்லை. மானாவாரிக்குத் தனி விதை அளவு வேண்டும் என்று தயவுசெய்து மேலே எழுதுங்கள். அதற்குள் ஒருநாள் கொல்லைப் பக்கம் வாருங்கள். அறுத்த கட்டைகளை இன்னும் உழவில்லை. கயிறும் வைத்திருக்கிறேன், நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு மானாவாரி விவசாயி,
குடியாத்தம் பக்கம், வேலூர் மாவட்டம்