பிலடெல்பியாவிலிருந்து அண்ணனுக்கு

பிலடெல்பியா

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் நலம். அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என நம்புகிறேன். இந்த ஊர்க்காரர்கள் தங்களுடையது என்று பெருமை பேசும் சாப்பாடு எது என்று கேட்டிருந்தீர்கள். நீள ரொட்டிக்குள் மாட்டிறைச்சியும் சீஸும் வைத்துத் தரும் சீஸ்ஸ்டேக்தான், வேறு பேச்சே இல்லை. தக்கலையில் பரோட்டாவும் மாட்டு வறுவலும் போடும் உங்களுக்கு, அது கல்லில் தயாராகும் விதத்தைச் சொன்னால்தான் திருப்தியாக இருக்கும்.

மாட்டின் விலாப்பகுதியில் கொழுப்பு ஊடோடிய இறைச்சியை எடுத்து, பாதி உறைந்த நிலையில் இயந்திரத்தில் கொடுத்து, மிக மெல்லியதாகச் சீவிக்கொள்கிறார்கள். நன்றாக இளகிய இறைச்சி அவ்வளவு மெல்லிதாகச் சீவ வராது. மசாலா என்று ஒன்றும் கிடையாது. உப்பு, மிளகோடு சரி. அகன்ற இரும்புக் கல்லில் ஒரு பக்கம் வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்க, மறுபக்கம் இந்தச் சீவல்கள் சில நிமிடங்களில் வெந்துவிடுகின்றன. சில கடைகளில் அவற்றை அப்படியே மடித்து வைக்கிறார்கள். சில கடைகளில் கரண்டியால் கொத்துகிறார்கள், அந்தச் சத்தம் நம் கொத்துப் பரோட்டாக் கல்லின் சத்தமேதான். பிறகு சீஸைப் பரப்பி, பிளந்த நீள ரொட்டியை அதன்மேல் கவிழ்த்து, ஆவியில் ரொட்டி இளகியதும் அடியில் கரண்டியைக் கொடுத்து ஒரே திருப்பில் எடுத்துவிடுகிறார்கள். இறைச்சிச் சாற்றைக் குடித்தும் பிய்ந்துபோகாத அந்த ரொட்டியில்தான் பாதிச் சங்கதி இருக்கிறது என்பது என் கட்சி.

1930-இல் தெற்குப் பிலடெல்பியாவின் இத்தாலியச் சந்தைக்கு அருகில் ஹாட் டாக் விற்றுக்கொண்டிருந்த பேட் ஒலிவியேரி, தன் மதியச் சாப்பாட்டுக்காக மாட்டிறைச்சியைக் கல்லில் வாட்டி ரொட்டியில் வைத்ததாகவும், அந்த வாசனைக்கு வந்த டாக்சி ஓட்டுநர் ஒருவர் தனக்கும் அதையே கேட்டதாகவும் சொல்கிறார்கள். அப்போது அதில் சீஸே கிடையாது. புரொவொலோன் என்ற இத்தாலியச் சீஸ் பின்னால் வந்தது. இன்று பலர் கேட்கும் 'சீஸ் விஸ்' என்ற மஞ்சள் சீஸ் குழம்பு 1950-களில் கடைக்கு வந்த சரக்கு. 1966-இல் பேட்டின் கடைக்கு நேர் எதிரே ஜீனோஸ் என்ற கடை திறந்தது முதல் இரண்டு கடைகளுக்கும் போட்டி. இரண்டிலும் இரவு வெகுநேரம் வரை வியாபாரம்.

வரிசையில் நிற்பவர் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. விஸ் சீஸும் வெங்காயமும் வேண்டுமென்றால் "விஸ் வித்" என்று சொல்லிப் பணத்தை நீட்ட வேண்டும். 2003-இல் அதிபர் வேட்பாளராக முயன்ற ஜான் கெர்ரி பேட்டின் கடைக்கு வந்து, இதில் வழக்கமில்லாத ஸ்விஸ் சீஸைக் கேட்டு, நாடு முழுக்கக் கேலிக்கு ஆளானார்.

எனக்கு அந்த மஞ்சள் குழம்பு பிடிக்கவில்லை, உப்புக் கரிக்கிறது. புரொவொலோன் போட்டதைத்தான் வாங்குகிறேன். உங்கள் வறுவலுக்கும் ஒருமுறை இறைச்சியைப் பாதி உறையவைத்துச் சீவிப் பாருங்கள். எப்படி வந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி