டர்பன் மழை வேறு, கேப் மழை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கல் இதழ், பொங்கல் கழிந்து பத்து நாளில், வழக்கம்போல் வந்து சேர்ந்தது. ‘தை மழை நெய் மழை’ என்ற கட்டுரையில், ஜனவரி மழையால், தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையிலுள்ள எங்கள் கேப் பகுதியின் திராட்சைத் தோட்டங்களும் செழித்திருப்பதாக ஒரு வரி. தாங்கள் படித்தவர்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

நான் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பிறந்தவன். கேப் டவுனுக்கு அருகே பார்ல் பக்கம் ஒரு ஒயின் ஆலையில் 22 வருடம் எடை மேடையில் நின்றவன். நம் நாட்டில் ஜனவரி கோடைக்காலம். டர்பனில் கோடையில் மழை, கரும்புக்கு அது அமுதம். இங்கே தலைகீழ். மே முதல் ஆகஸ்ட் வரை, குளிர்காலத்தில்தான் மழை. அப்போது குளிர் போதவில்லையென்றால் கொடி சீராகத் துளிர்க்காது. பழுத்ததும் பழுக்காததும் கலந்து வரும். ஜனவரிக் கடைசியில் வெட்டு தொடங்கும்போது வானம் வறண்டிருக்க வேண்டும். மழை பிடித்தால் பழம் வெடித்துப் பூஞ்சணம் ஏறும். நாங்கள் ஸ்டீன் என்று சொல்லும் செனின் பிளாங்க் திராட்சை நெருக்கமான குலை. உள்ளே அழுகினால் வெளியே தெரியாது. ஒரு பிப்ரவரியில் மூன்று நாள் மழைக்குப் பிறகு வந்த டிரெய்லரை நானே திருப்பி அனுப்பினேன். கொண்டுவந்த கிழவர் ஒன்றும் பேசவில்லை. தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். அவரிடம் போய் நெய் மழை என்று சொல்லுங்கள்.

எங்களுக்கு ஈரத்தை உலர்த்தித் தருவது கேப் டாக்டர் என்கிற தென்கிழக்குக் காற்று. அதுவே பூக்கும் பருவத்தில் மூர்க்கமாக அடித்தால் பிஞ்சு நிற்காது. டாக்டருக்கும் கோபம் வரும், சரி.

2018 வறட்சியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் தண்ணீர் என்று கேப் டவுனில் அளந்து வாழ்ந்தோம். திராட்சை மிளகு போலச் சிறுத்து வந்தது. அப்போது வந்த இதழிலும் டர்பன் வெள்ளம்தான் படித்தேன். அதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தில் வணக்கமும் கையெழுத்தும் மட்டும் அச்சானது. 1860ல் ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரை ஏற்றி வந்த கப்பல் டர்பனில்தான் வந்து நின்றது, மறுக்கவில்லை. அதற்காக நாடே அங்கு முடிந்துவிடுமா?

உங்கள் நாட்காட்டியில் ராகுகாலம்கூட டர்பன் சூரியனுக்குத்தான். இங்கே சூரியன் முக்கால் மணி நேரம் பிந்தும், குளிர்காலத்தில் ஒரு மணி நேரமே பிந்தும். என் மனைவி விரல்விட்டுக் கூட்டிக்கொள்கிறாள்.

அந்த மழை வரியை அடுத்த இதழில் திருத்துங்கள். இடம் இருந்தால், கேப் டவுன் உதய நேரத்தையும் ஓர் ஓரத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
19 வருடச் சந்தாதாரர்,
கேப் டவுன்