புராஸ்டேட் என்றால் முதியவர்களுக்கு மட்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த புராஸ்டேட் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆண்களுக்கு மட்டும் உள்ள அந்தச் சுரப்பி 60 வயதுக்கு மேல் வீங்கிப் பெரிதாவதையும் புற்றுநோயையும் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தச் சுரப்பியில் எரிச்சலும் வலியும் வரும் புராஸ்டேட் அழற்சி பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு 41 வயது, கரூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒன்றரை வருடம் அந்த அழற்சியோடு அலைந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் சிறுநீர் போகும்போது எரிச்சல். வீட்டில் எல்லோரும் சூடு என்றார்கள். வெந்தயத் தண்ணீர், மோர், இளநீர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எல்லாம் பார்த்தாயிற்று. எரிச்சல் குறைந்தது, வலி போகவில்லை. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், ஏதோ உருண்டை மேல் உட்கார்ந்திருப்பது போல ஒரு வலி. மெஷினில் அரை மணி நேரம் உட்கார முடியாது. மனைவியோடு சேர்ந்தால் மறுநாள் முழுக்க வலிக்கும். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விலகிப் படுத்தேன். அவள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டாள். வலியைவிட அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

மருந்துக்கடையில் கேட்டு ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவேன், கொஞ்சம் குறைந்ததும் நிறுத்திவிடுவேன். இப்படி நாலு முறை. அப்புறம், லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் போனேன். சின்ன வயதுப் பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று பயமுறுத்தி, லேகியத்துக்கு 12,000 ரூபாய் வாங்கினார். அது உண்மையில்லை என்று பிறகு டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தால் வாயைத் திறக்காத ஆண்களை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

கடைசியில் ஒரு லேபில், புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்தேன். 4-க்குள் இருக்கவேண்டும் என்று போட்டிருந்தது, எனக்கு 6.8. புற்றுநோய்தான் என்று முடிவுகட்டி மூன்று ராத்திரி தூங்கவில்லை.

சிறுநீர்ப் பாதை நோய்களைப் பார்க்கும் யூராலஜி டாக்டர்தான் பொறுமையாக விளக்கினார். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கிறது அந்தச் சுரப்பி. அது அழன்றிருந்தாலே பி.எஸ்.ஏ. ஏறும், ஏறியதெல்லாம் புற்றுநோய் இல்லை, ஆனால் அதைக் கவனிக்காமல் விடவும் கூடாது என்றார். மூன்று மாதத்துக்கு மேல் இழுக்கும் இந்த வலியில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கிருமியே அகப்படாதாம். கிருமி இருந்தால் ஐந்து நாள் மாத்திரை போதாது, நாலு முதல் ஆறு வாரம்வரை சாப்பிடவேண்டும். எது என்று அறியாமல் நானே மாத்திரை போட்டதால், கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையையும் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

சரி, எனக்குக் கிருமி இல்லை. சிறுநீர்ப்பை வாயைத் தளர்த்தும் மாத்திரை கொடுத்தார். வலிக்குப் பயந்து இடுப்படித் தசைகளை எந்நேரமும் இறுக்கியே வைத்திருந்திருக்கிறேன். அவற்றைத் தளர்த்தும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். இரவில் 15 நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீர் டப்பில் உட்கார்வேன். மணிக்கொரு தரம் மெஷினை விட்டு எழுந்துவிடுவேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது பி.எஸ்.ஏ. 2.1. வலி முழுசாகப் போய்விடவில்லை. தீபாவளித் தையல் குவியும்போது எட்டிப் பார்க்கிறது. ஆனால் இன்னதென்று தெரிந்த வலி அவ்வளவாகப் பயமுறுத்துவதில்லை. டாக்டரிடம் இரண்டாம் முறை போனபோது மனைவியையும் கூட்டிப்போனேன். அதை முதலிலேயே செய்திருக்கவேண்டும்.

ஒரு டாக்டரைக்கொண்டு இதைப் பற்றித் தனிக் கட்டுரை போடுங்கள். திடீரென்று குளிர்காய்ச்சல் வந்து, இடுப்படியில் வலித்து, சிறுநீரும் அடைத்துக்கொண்டால் அது வேறு வகை, அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். என் கடையில் வேலை செய்யும் 28 வயதுத் தம்பி ஒருவன் போன மாதம் இதே எரிச்சலைச் சொன்னான், ஆனால் டாக்டரிடம் போகக் கூச்சப்படுகிறான். கட்டுரை வந்ததும் வெட்டி அவன் கையில் கொடுக்கவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கரூர்.